கிண்டியில் நுழைந்த மூவர்

1794இல் நில அளவைப் பள்ளியாகச் சென்னையில் தோன்றிப் பின்னர்க் கிண்டியில் நிலைபெற்ற பொறியியற் கல்லூரியின் சரித்திரத்தில், ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மாணவி என்று ஒருவர்கூட இடம்பெறவில்லை. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற ஏ. லலிதாவின் பொருட்டு, அங்கேயே மின்பொறியியல் போதித்துவந்த தந்தை பப்பு சுப்பா ராவ், முதல்வர் கே. சி. சாக்கோவை அணுகி அனுமதி பெற, 1940இல் அந்நிலை மாறி, லலிதா அங்கே சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து லீலம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் கட்டடப் பொறியியல் பயில வந்து சேர்ந்தனர். ஆடவருக்கென்றே அச்சிட்டிருந்த பட்டச் சான்றிதழைப் பேனாவால் திருத்தியே இவர்களுக்கு வழங்க நேர்ந்தது.

லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிப் பணிகளில் பங்குகொண்டார்; திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இத்தனைக்கும் மூலகாரணம், ஒரு தகப்பனாரின் துணிவும் ஒரு முதல்வரின் நியாய புத்தியுமே. செயற்கை நுண்ணறிவு என்னும் நூதன சாஸ்திரம் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் இக்காலத்தில், பெற்றோரும் ஆசிரியரும் அதே துணிவோடும் நியாயத்தோடும் நம் பெண்மக்களை அதிலே ஈடுபடுத்துவார்களாக.