பெண்கள் 100 மீட்டர் ஓட்டம் (ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக், 1928)

ஒலிம்பிக்கில் பெண்களுக்கென நடந்த முதல் விரைவோட்டம். இது தானாகக் கிடைத்த இடமன்று. பெண்களுக்கு ஒலிம்பிக் தடகளத்தின் கதவு மூடியே இருந்ததால், பிரான்சின் அலிஸ் மில்லியா 1921இல் பெண்களுக்கெனப் பன்னாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கி, 1922இல் பாரிசில் தனிப் போட்டிகளே நடத்திக் காட்டினார். அந்த நெருக்கடிக்குப் பின்னரே 1928இல் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகள் அனுமதிக்கப்பட்டன.

ஜூலை 31 அன்று நடந்த இறுதியோட்டத்தில் அறுவர் நின்றனர். புறப்படும்போது காலால் உந்தும் கட்டைகள் வழக்கத்துக்கு வராத காலம். கால் ஊன்றக் கரித்துகள் தடத்தில் சிறு குழி தோண்டிக்கொள்வார்கள். பதற்றம் எல்லை மீறியது. துப்பாக்கி வெடிக்குமுன் பாய்ந்ததற்காகக் கனடாவின் மர்டில் குக், ஜெர்மனியின் லெனி ஷ்மிட் இருவரும் வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய நால்வரில் அமெரிக்காவின் பெட்டி ராபின்சன் 12.2 விநாடியில் வென்றார். வயது 16! ரயிலைப் பிடிக்க அவர் ஓடியதைப் பார்த்த பள்ளி ஆசிரியர்தான் அவரைத் தடகளத்துக்கு அழைத்துவந்தவர். வெள்ளியும் வெண்கலமும் கனடாவின் ஃபேனி ரோசன்ஃபெல்ட், எதெல் ஸ்மித் ஆகியோருக்கு.

1931இல் விமான விபத்தில் படுகாயமுற்ற ராபின்சனால், பிறகு முழங்காலை மடக்கிக் குனிந்து புறப்பட இயலவில்லை. ஆயினும், நின்றபடி கோலைப் பெற்று ஓடும் தொடரோட்டத்தில் 1936 பெர்லினில் மீண்டும் தங்கம் வென்றார்.