அணை கட்டின காசும் காடு காத்த காசும்

மகாவலி எண்டாலே எங்கட ஆக்களுக்கு முதலில ஞாபகம் வாறது குடியேற்றம்தான். அதில பிழையில்லை. ஆனா அதே திட்டத்துக்குள்ள, சூழலைக் காப்பாற்ற வந்த வெளிநாட்டு உதவியின் கதை ஒன்றும் இருக்கு. அதைப் பற்றி நாங்கள் அவ்வளவாகக் கதைப்பதில்லை.

ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு வரையப்பட்ட மகாவலிப் பெருந்திட்டம் 30 வருடங்களில் முடிய வேண்டியது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு அதன் முக்கிய பகுதிகளை ஆறு வருடங்களுக்குள் முடிக்க நினைத்தது. அந்த அவசரத்துக்குக் காசு வேண்டுமே! விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா எண்டு ஆளுக்கொரு அணையைப் பொறுப்பெடுத்தார்கள். 1985இல் விக்டோரியா திறப்பு விழாவுக்கு மார்கரட் தாட்சரே வந்தார்.

அணைத் தண்ணீரை நம்பி வயலாக்கப்போன கீழ்ப்பகுதியில் இருந்தது காடு. யானைகள் நடமாடிய காடு. 1980இல், அதாவது திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு, அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எயிட்டின் காசில் சூழல் மதிப்பீடு ஒன்று செய்யப்பட்டது. அழியும் காட்டுக்கு ஈடாகத் தேசிய பூங்காக்கள் வேண்டும் என்ற யோசனை வலுத்தது. அதற்கும் அமெரிக்காவே உதவியது. 1983இல் மாதுறு ஓயா, 1984இல் வஸ்கமுவ எண்டு பூங்காக்கள் வந்தன. யானைக்கு இடம், நீர்த்தேக்கத்தின் நீரேந்து பகுதிக்குப் பாதுகாப்பு: ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வாசிக்கும்போது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஆனா மாதுறு ஓயாக் காடு ஏற்கெனவே வேடர்களின் வேட்டைக்காடு. தேன் எடுத்ததும் சேனை வெட்டியதும் அங்கேதான். பூங்கா எண்டு அறிவித்ததோட இதெல்லாம் சட்டவிரோதமாகிப் போனது. ஹெனானிகல போன்ற மகாவலிக் குடியிருப்புகளுக்குக் குடும்பங்கள் மாற்றப்பட்டன. வீடும் வயலும் கொடுத்தார்கள். காட்டை அழித்த திட்டமே, காட்டை அழிக்காமல் வாழ்ந்தவர்களை விவசாயிகளாக்கியது.

சூழல் உதவியே கூடாது எண்டு நான் சொல்ல வரேல்லை. அந்தப் பூங்காக்கள் இல்லாட்டி மிச்சக் காடும் போயிருக்கும். ஆனா அந்த ஈட்டுக் கணக்கில் யானைக்கு ஒரு வரி இருந்தது; காட்டு மனிசருக்கு இருக்கேல்லை.

வேடர் தலைவர் ஊருவரிகே திசாஹாமி கடைசிவரை போக மறுத்தார். சில குடும்பங்களோடு தம்பானையிலேயே இருந்து 1998இல் காலமானார். அவரின் ஆக்கள் பூங்காவுக்குள்ள வேட்டைக்குப் போனால், சட்டப்படி அது களவு வேட்டை.