யாருடைய பங்கு?

பெர்ன்ஹில்லில் எங்கள் வீட்டுக்குக் கீழே கேரட் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் அம்மாவை எல்லோரும் 'சிலோன்காரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மண்டபம் முகாம் வழியாக வந்து ஐம்பது வருஷமாச்சு. எந்த ஊர்னு கேட்டால் இன்னமும் பதுளை என்பார். 'தாயகம் திரும்பியோர்' என்னும் அரசுச் சொல்லாடல் அந்த ஒரு பதிலிலேயே உடைந்து போகிறது. பிறக்காத ஊருக்கு எப்படித் திரும்புவது?

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் அந்த மிச்சமும் பாதிப் பாதியாய்ப் பிரிந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸைக்கூடக் கலந்தாலோசிக்கவில்லை. விண்ணப்பம் கோரியபோதோ கணக்கு தலைகீழாயிற்று. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் மூன்று லட்சத்தை வெகுவாகத் தாண்டினார்கள். இந்தியாவைக் கேட்டவர்கள் ஒதுக்கிய எண்ணை எட்டவில்லை. அந்த மக்கள் பேசவில்லை என்று வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பாரங்களைப் புரட்டிப் பார்க்கலாம். பேசினார்கள், அது முடிவைத் தீர்மானிக்கவில்லை.

ஆனால் பாரத்தையும் மக்கள் குரல் என்று முழுசாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. "பாரம் நெரப்புனது எங்கப்பா. என்னைய யாரு கேட்டா?" என்றார் சிலோன்காரம்மா.

அவருடைய அக்காவுக்குச் சேரம்பாடியில் டான்டீ வேலை கிடைத்தது. வந்தவர்களுக்கு வேலை தரவென்று வனத்துறை 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976-ல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனமானது. வேலையும் லயன் வீடும் கிடைத்தன. இதைச் சின்ன விஷயமென்று தள்ள மாட்டேன். வியாபாரக் கடன் பெற்று, தெரியாத தொழிலில் நொடித்து, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலிகளாய் ஏறி வந்தவர்களோடு ஒப்பிட்டால் புரியும்.

இன்று வளர்ச்சித் திட்ட அறிக்கைகளில் 'பங்குதாரர்' என்ற சொல் அடிபடுகிறது. திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர், பயன்பெறுகிறவர் எல்லோரும் பங்குதாரராம். டான்டீயில் பங்குகள் அரசிடம், நிலம் வனத்துறையிடம், கொழுந்து பறிக்கும் கை மட்டும் இவர்களுடையது. யாருக்காகத் தொடங்கியதோ அவர்கள் கோப்பில் பயனாளி, பிறகு தொழிலாளி. தொழிலாளி என்றானபின் கூலி பற்றிப் பேரம் பேசலாம், சங்கம் வைக்கலாம். தோட்டம் இருக்க வேண்டுமா, எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வேறு மேசையில் முடிவாகும்.

2022-ல் அப்படித்தான் ஆயிற்று. நட்டத்தைக் காரணம் காட்டித் தோட்டத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க ஆணை வந்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். காட்டைக் காடாக்குவதை எதிர்க்க எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டிய அந்த லயன் வீடுகளிலிருந்து எங்கே போவது என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.