ஊன்றுகோல் சொல்லும் வரலாறு



அண்மையில் என் தந்தையாருக்கு இடப்பக்க இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. சிறிது காலம் கோலூன்றி நடக்குமாறு மருத்துவர் கூறினார். கோல் பிடித்தால் ஊரார் கிழவன் என்பார்கள் என்று அப்பா மறுத்துவிட்டார். அவர் மனத்தை மாற்றவே ஊன்றுகோலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஒரு காலத்தில் கோல் பெருமையின் சின்னமாக விளங்கியது. எகிப்திய மன்னர் துத்தன்காமன் இளவயதிலேயே மறைந்தவர். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த அவருடைய கல்லறையில் ஏறத்தாழ 130 கோல்கள் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செல்வர்கள் பொன், வெள்ளிப் பிடியிட்ட கைத்தடிகளுடன் உலவினர். அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று, நம் மலாக்காவின் பெயரையே தாங்கிய மலாக்கா பிரம்பு. மலாய்க்காரர்கள் 'ரோத்தான் செமாம்பு' என்றழைப்பது அதனையே.

கோலின் மருத்துவப் பயனை வலியுறுத்தியவர்களுள் அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட் குறிப்பிடத்தக்கவர். 'கைத்தடியை எறிந்துவிடாதீர்கள்' எனப் பொருள்படும் தலைப்பில் அவர் 1956-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாம் ஒற்றைக் காலில் நிற்கும்பொழுது, இடுப்பு சாயாதிருக்க அக்காலின் பக்கத்துத் தசைகள் பெரும் விசையுடன் இழுக்கின்றன. அதனால் மூட்டின்மீது உடல் எடையைப்போல் இருமடங்குக்கும் மேலான சுமை விழுகிறது. எதிர்ப்பக்கக் கையில் கோலை ஊன்றினால், சிறு அழுத்தமே அச்சுமையைப் பெரிதும் குறைத்துவிடும். வகுப்பில் நாம் கற்பிக்கும் நெம்புகோல் தத்துவமே இது. நோயுற்ற காலின் பக்கமே கோலைப் பிடிப்பது பலர் செய்யும் பிழை.

1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி நவீன இடுப்பு மூட்டு மாற்று முறையை நிலைபெறச் செய்தார். மூட்டு புதிதானாலும், தசைகள் வலுப்பெறும் வரை கோலின் துணை தேவைப்படுகிறது.

இவற்றைக் கேட்ட அப்பா, "சரி, நீயே ஒன்று செய்து கொடு" என்றார். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். முன்பு விறகாக எரிந்த அம்மரம் இன்று மரச்சாமான்கள் செய்யப் பயன்படுகிறது. முடிச்சில்லாத, இழை நேராக ஓடிய பால்மரத் துண்டொன்றைத் தச்சரிடம் வாங்கினேன். இழை குறுக்கே ஓடினால் கோல் முறிந்துவிடும். அப்பா காலணியணிந்து, கைகளைத் தொங்கவிட்டு நின்றார். மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை என் மகன் அளந்தான். பிடி உட்பட கோலின் மொத்த உயரம் அதுவே. கைப்பிடியைத் துளையிட்டுப் பொருத்திப் பசையிட்டோம். அடியில் வழுக்காத ரப்பர் மூடி இட்டோம். இயன்முறை மருத்துவர் சரிபார்த்த பின்னரே அப்பாவின் கையில் தந்தோம்.

அப்பா கோலைத் தடவிப் பார்த்தார். "நம்ம மரம்" என்றார். பின்னர் அதை வலக்கையில் ஊன்றி வாசல்வரை நடந்தார்.

உங்கள் இல்லத்திலும் கோலை மறுக்கும் பெரியவர் இருந்தால், இவ்வரலாற்றை அவரிடம் கூறுங்கள். அளவெடுக்கும் பணியைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.