எம்.இ. படிப்புக்கு யார் பணம் கட்டுறது?

எங்க கம்பம் பள்ளத்தாக்குல டீக்கடை, விவசாயி வீடு, கல்யாண மண்டபம்னு எங்க போனாலும் ஒரு இன்ஜினியர் படத்தைப் பார்க்கலாம். பென்னிகுயிக். 1895-ல முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடிச்சு, மலையைக் குடைஞ்சு தண்ணியை எங்க பக்கம் திருப்பினவர். சொந்தச் சொத்தை வித்து அணை கட்டினார்னு ஊரே நம்புது. அதுக்கு ஆவணம் இல்லைன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. இருக்கட்டும். இன்ஜினியர்னு வந்துட்டா சொத்து கரையும்கிறது எங்களுக்கு வேற வழியில தெரிஞ்ச விஷயம்.

அவர் படிச்சது அடிஸ்கோம்புல, கிழக்கிந்தியக் கம்பெனி தன் பட்டாளத்துக்கு அதிகாரிகள் வேணும்னு நடத்துன கல்லூரி. நம்ம கிண்டி கல்லூரியும் 1794-ல சர்வேயர்கள் வேணும்னு ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்துல இருந்து வளர்ந்ததுதான். ஆள் தேவைப்பட்டவங்களே கல்லூரியும் வச்ச காலம் அது.

மதுரையில தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-ல வந்துச்சு. எங்க பக்கத்துப் பையன்களுக்கு அதுதான் கிட்டத்துல இருந்த இடம். சீட்டு குறைவு, மார்க் இருந்தவன் போனான். 1984-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில சுயநிதிக் கல்லூரிகள் வந்த பிறகு சீட்டு பெருகுச்சு. கூடவே பணம் கட்டுற பாரம் முழுசா வீட்டு மேல விழுந்துச்சு.

இதுல டவுன்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் இருக்கு. பெரியாத்துத் தண்ணியை நம்பி இங்க 14,707 ஏக்கர் இருபோகம் விளையுது. மழை சரியா இருந்தா ஜூன்ல தண்ணி திறப்பாங்க. நாத்து, உழவு, நடவுன்னு கையில இருக்கிற காசெல்லாம் வயல்ல இறங்குற நேரத்துலதான் காலேஜ்லயும் ஃபீஸ் கேப்பாங்க. அறுவடைக் காசு வர இன்னும் மூணு நாலு மாசம் ஆகும். அதனால நகை அடகுக்குப் போகும், இல்லேன்னா நிலம் ஒத்திக்குப் போகும். ஒத்திக்குப் போன நிலம் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

2001-ல வங்கிகளுக்குப் பொதுவா கல்விக்கடன் திட்டம் வந்துச்சு. அப்புறம் இருந்த விதிப்படி 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கலை, 7.5 லட்சம் வரை ஒருத்தர் ஜாமீன் கேட்டாங்க, அதுக்கு மேல போனா சொத்து கேட்டாங்க. 2009-10-ல இருந்து வருசத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள வருமானம் உள்ள வீடுகளுக்கு, படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுச்சு. அடுத்த வருசம் தமிழ்நாட்டுல முதல் பட்டதாரிச் சலுகையும் வந்துச்சு. என் மக பி.இ. முடிச்சது இதையெல்லாம் வச்சுத்தான்.

எம்.இ.ன்னதும் கதை மாறிப்போச்சு. முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது, ஏன்னா அவதான் பட்டம் வாங்கிட்டாளே! வட்டி மானியமும் ஒருத்தருக்கு ஒரு தடவைதான், அதை பி.இ.க்கே வாங்கியாச்சு. பழைய கடன் நிக்கிறப்ப புதுக்கடனா, அப்ப பத்திரம் கொண்டு வாங்கன்னு வங்கியில சொன்னாங்க. ஒன்றரை ஏக்கர், எங்க தாத்தா பேர்ல இருந்து வந்தது.

பத்திரத்தை எடுத்து மஞ்சப்பையில வச்ச அன்னைக்கு ராத்திரி மக சொன்னா: "அப்பா, ஒரு வருசம் பொறுங்க. கேட் பரீட்சை எழுதி அந்த மார்க்ல சேர்ந்தா அரசாங்கமே மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை குடுக்கும். ரெண்டு வருசமும் வரும்."

எனக்கு அதுவரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 24 மாசத்துக்கு 2,97,600 ரூபாய். எங்க தெருவுல ரெண்டு பேர் இந்தப் பரீட்சையை எழுதாமலே, நிலத்தை வித்துப் பிள்ளைகளை எம்.இ. சேர்த்திருந்தாங்க. அவங்க கிட்டயும் யாரும் சொல்லலை.

"ஒரு வருசம் சும்மா இருந்தா ஊர் என்ன பேசும்"னு அவ அம்மாவுக்குக் கவலை. "பேசட்டும் விடு"ன்னேன். பகல்ல பக்கத்து ஸ்கூல்ல பாடம் எடுத்தா, ராத்திரி படிச்சா. மார்க் வந்துச்சு, சேர்ந்துட்டா.

உதவித்தொகை மட்டும் சொன்ன மாசத்துல வரலை, மொத்தமாத்தான் வந்துச்சு. அதுவரைக்கும் ஹாஸ்டல் பில்லுக்கு அவ அம்மா ரெண்டு வளையலைக் கழட்டிக் குடுத்தா. வளையலை அந்த வருச ரெண்டாம் போகத்துல மீட்டாச்சு. பத்திரம் டிரங்குப் பெட்டியிலதான் இருக்கு, அந்த மஞ்சப்பையோட.