கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் பழைய நாதமும் அதை உருவாக்கிய பட்டறைகளும்

மின்கிட்டாரின் வரலாற்றை எழுதுவோர் வாத்தியத்தைப் பற்றியும் அதை வாசித்தவரைப் பற்றியும் விரிவாக எழுதுகின்றனர். ஆனால் 1950களிலிருந்து 1970கள் வரை வெளிவந்த இசைத்தட்டுகளில் ஒலித்து, இன்றளவும் இசைக்கலைஞர்கள் தேடி அலையும் அந்த நாதத்தில், கிட்டார் தரும் மிக மெல்லிய மின்குறிப்பை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்கும் அளவுக்கு வலுவாக்கும் ஆம்ப்ளிஃபயருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. அந்தக் காலத்துப் பெட்டிகள் அரிதாகி விலை ஏறிய பிறகு, புதிய பெட்டிகளைத் திறந்து உறுப்புகளை மாற்றிப் பற்றவைத்துப் பழைய நாதத்தை வரவழைக்கும் தொழில் ஒன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்தது. மூலத்திலிருந்து விலகிய போலி வேலை என்று சிலர் இதைக் குறைத்து மதிப்பதுண்டு. வரலாற்றைப் பார்த்தால் அந்த மதிப்பீடு நிற்காது. ஏனெனில் மூலம் என்று போற்றப்படும் நாதங்களுள் பல, ஏற்கெனவே இருந்த ஒரு பெட்டியை யாரோ ஒருவர் தம் பட்டறையில் மாற்றிச் செய்ததால் பிறந்தவையே.

லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை தொடங்கியவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1946இல் தம் பெயரில் நிறுவனம் அமைத்து ஆம்ப்ளிஃபயர்களைச் செய்தபோது, வால்வு உற்பத்தியாளர்கள் தங்கள் கையேடுகளில் வெளியிட்டிருந்த மின்சுற்றுகளையே அடிப்படையாகக் கொண்டு, ஊர் ஊராகப் போகும் வாத்தியக்காரரின் பெட்டி எந்த ஊரில் பழுதானாலும் அங்குள்ள ரேடியோ மெக்கானிக் திறந்து சரிசெய்யும்படி அவற்றை அமைத்தார். ட்வீட் என்னும் கெட்டித்துணி போர்த்திய அக்காலப் பெட்டிகளுள் பேஸ்மேன் என்பது, பெயர் காட்டுவது போலவே, அவருடைய பேஸ் கிட்டாருக்காக 1952இல் வந்தது. 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட அதன் 5எஃப்6-ஏ வடிவம் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களையும் ஏறத்தாழ 45 வாட் வலுவையும் கொண்டிருந்தது. பேஸ் வாசிப்பவர்களைக் காட்டிலும் கிட்டார் வாசிப்பவர்களே அதை விரும்பி எடுத்துக்கொண்டனர். ஃபெண்டர் வேண்டியது கலங்காத தெளிந்த ஒலி; கேட்டவர்களைக் கவர்ந்ததோ, அளவுக்கு மீறி முடுக்கும்போது அந்தப் பெட்டி தன் தெளிவை இழக்கும் விதம்.

அந்த இழப்பு எப்படி நிகழ்கிறது என்பதை இங்கே விளக்கிவிடுவது நல்லது. பழைய ரேடியோக்கள் வழியே தமிழ் வாசகர்கள் அறிந்த வால்வு, காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் சூடேறிய ஓர் உலோகப் பரப்பிலிருந்து மற்றோர் உலோகத் தகட்டுக்கு ஓடும் எலெக்ட்ரான்களை, இடையில் வைத்த கம்பிவலையின் மின்னழுத்தத்தால் கூட்டியும் குறைத்தும் ஆளும் கருவி. வலைக்கு வரும் குறிப்பு வால்வின் தாங்குதிறனை மீறினால் அலையின் முகடுகள் மழுங்குகின்றன. மழுங்கும் அலையில் மூலச் சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களைக் கொண்ட மேற்சுரங்கள் புதிதாகச் சேர்வதால், ஒலி தடித்து, கரகரத்து, நீண்டு நிற்கிறது. வால்வில் இந்த மழுங்கல் ஒரேயடியாக நிகழாமல் படிப்படியாக வருவதால், விரலின் அழுத்தத்துக்கேற்ப வாசிப்பவரால் அதை ஆள முடிகிறது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் வேலையையும் ஒரு வால்வே செய்யும் பெட்டிகளில் இன்னொரு குணமும் உண்டு: ஓங்கி மீட்டும்போது பெட்டியின் உள் மின்னழுத்தம் சற்றே தாழ்ந்து பின் மீள்வதால், சுரத்தின் தொடக்கம் அமுங்கி, அதன் பின்பகுதி மலர்கிறது.

பொறியாளர்கள் இதைப் பழுது என்று கணக்கிட்ட காலத்திலேயே இசைக்கலைஞர்கள் இதை விரும்பத் தொடங்கிவிட்டனர். 1951இல் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் பதிவுசெய்த ‘ராக்கெட் 88’ பாடலில், வழியில் சேதமடைந்த ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்த கிட்டாரின் கரகரப்பு அப்படியே இடம்பெற்றது. லிங்க் ரே 1958இல் வெளியிட்ட ‘ரம்பிள்’ என்னும் வாத்திய இசைக்காகத் தம் ஸ்பீக்கர்களில் வேண்டுமென்றே துளையிட்டார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சிறிய மலிவான ஆம்பின் ஸ்பீக்கரைச் சவர பிளேடால் கீறினார். கருவியை மாற்றித் தனக்கென ஒரு நாதத்தைப் பெறும் வழக்கத்தின் முதல் கருவிகள் இந்தத் துளைகளும் கீறல்களுமே.

பற்றவைப்புக் கோலால் அதே வேலை நடந்த இடங்களுள் தலையாயது மேற்கு லண்டனின் ஹான்வெல். டிரம் வாசிப்பவரும் ஆசிரியருமான ஜிம் மார்ஷல் 1960இல் அங்கே திறந்த இசைக்கருவிக் கடைக்கு வந்த இளம் கிட்டார்காரர்கள், இறக்குமதி செய்த ஃபெண்டரின் விலை கைக்கு எட்டாததால், அதையொத்த வலுவான பெட்டி உள்நாட்டில் கிடைக்குமா என்று கேட்டுவந்தனர். கடையில் பழுதுபார்ப்பவராக இருந்த கென் பிரானும், ஈஎம்ஐ நிறுவனத்தில் பயிற்சி பெற்றுவந்த இளைஞரான டட்லி கிரேவனும் மார்ஷலுடன் சேர்ந்து, பேஸ்மேன் 5எஃப்6-ஏ மின்சுற்றை ஏறக்குறைய வரிக்கு வரி படியெடுத்து, 1962இல் ஜேடிஎம்45 என்னும் பெட்டியை உருவாக்கினர். சுற்று ஒன்றே, உறுப்புகள் வேறு. முதல் நிலையில் ஃபெண்டர் வைத்திருந்த 12ஏஒய்7 வால்வின் பெருக்கக் காரணி ஏறக்குறைய 44. ஹான்வெலில் அந்த இடத்தில் அமர்ந்த இசிசி83 வால்வின் காரணி 100. அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக இங்கிலாந்தில் விலைக்குக் கிடைத்தது வந்தது. அமெரிக்க வெளியீட்டு வால்வுகளின் இடத்தைச் சில காலத்திலேயே ஆங்கிலேயத் தயாரிப்பான கேடி66 பிடித்தது. முதுகு திறந்த பெட்டியிலிருந்த நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் போய், முதுகு மூடிய தனிப்பெட்டியில் செலஸ்டியன் நிறுவனத்தின் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் வந்தன.

புதிய நாதம் ஒன்றைக் கண்டுபிடிக்கும் திட்டம் எதுவும் அந்த மூவருக்கும் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. கிடைத்த பொருளைக் கொண்டு ஒரு நல்ல பெட்டியைப் படியெடுக்க முனைந்தனர். அந்த ஒவ்வொரு சிறு மாற்றமும் மற்றொன்றோடு சேர்ந்து, முன்னதாகவே கரகரக்கத் தொடங்கி, நடுச்சுரங்கள் முன்னே நிற்கும் ஓர் ஒலியைத் தந்தது. அதன் முழு வலிமையையும் உலகுக்குக் காட்டியது, எரிக் கிளாப்டன் ஜான் மேயாலின் குழுவில் வாசித்து 1966இல் வெளிவந்த ‘புளூஸ் பிரேக்கர்ஸ்’ இசைத்தட்டு. ஆம்பும் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் ஒரே பெட்டிக்குள் அமைந்த மார்ஷல் காம்போவை, ஒலிப்பதிவுக்கூடத்தில் மேடையில் வாசிப்பது போன்ற உரத்த அளவிலேயே கிளாப்டன் வாசித்தார். மெல்ல வாசித்து மைக்கை நெருக்கி வைப்பதே அக்காலக் கூடங்களின் வழக்கம். இன்று இந்த நாதத்தை மூலம் என்று தேடுபவர், உண்மையில் ஒரு கலிஃபோர்னியச் சுற்றுக்கு லண்டன் கடைச் சரக்கு செய்த மாற்றத்தைத் தேடுகிறார் என்பதை மறக்கக் கூடாது. டார்ட்ஃபோர்டில் செய்யப்பட்ட வாக்ஸ் ஏசி30 பெட்டியின் புகழ்பெற்ற ‘டாப் பூஸ்ட்’ நாதமும் இத்தகையதே. உச்சச் சுரங்களைக் கூட்டும் அந்தத் துணைச்சுற்று, தொடக்கத்தில் ஏற்கெனவே விற்ற பெட்டிகளின் பின்பலகையில் பின்னர் பொருத்தப்பட்ட ஓர் இணைப்பாகவே இருந்தது.

அமெரிக்காவில் இந்தப் பட்டறை மரபின் அடுத்த பெரிய திருப்பம் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த பகுதியில் 1960களின் இறுதியில் நிகழ்ந்தது. பழுதுபார்ப்பவரான ராண்டால் ஸ்மித், பாரி மெல்டன் என்ற கிட்டார்காரரின் ஃபெண்டர் பிரின்ஸ்டனைக் குறும்புக்காகத் திறந்தார். 12 வாட் வலுவும் ஒரு 10 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட, பயிற்சிக்கு உரிய அந்தச் சிறு பெட்டிக்குள் பேஸ்மேன் வகைச் சுற்றையும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களையும் அடைத்து, முன்புறப் பலகையை வெட்டி 12 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரைப் பொருத்தினார். வெளித்தோற்றத்தில் பழைய பிரின்ஸ்டனாகவே இருந்த அந்தப் பெட்டியைக் கடையில் வாசித்துப் பார்த்த கார்லோஸ் சந்தானா வியந்து பாராட்டியதிலிருந்து ‘பூகி’ என்ற பெயர் நிலைத்தது. பெயரைவிட முக்கியமானது அதன் பின் ஸ்மித் செய்தது: முன்பெருக்கப் பகுதியில் மேலும் ஒரு வால்வு நிலையைச் சேர்த்து, நிலைகளுக்கிடையே தனித்தனி ஒலிக்கட்டுப்பாடுகளை வைத்தார். முதல் வால்வுகளை மட்டும் திணறவைத்து, மொத்த ஒலியளவைக் கடைசிக் கட்டுப்பாட்டால் தாழ்த்திவிடும் இந்த அமைப்பினால், சிறிய அறையிலும் நீண்டு பாடும் கரகரப்பைப் பெற முடிந்தது. பின்வந்த உயர்பெருக்க ஆம்ப்ளிஃபயர்களின் நெடிய வரிசைக்கு வேர் இங்கே இருக்கிறது.

மாற்றிச் செய்வது எப்போதும் முன்னோக்கியே போகவில்லை. 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கிய பின், 1960களின் கடைசியில் முகப்புப் பலகை கறுப்பிலிருந்து வெள்ளி நிறத்துக்கு மாறியதோடு சில வகைகளின் உட்சுற்றும் மாறியது. வேண்டாத உயர் அதிர்வை அடக்குவதற்காக வெளியீட்டு வால்வுகளின் நுழைவாயிலில் சிறு மின்தேக்கிகள் சேர்க்கப்பட்டன, வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை ஒழுங்குசெய்யும் பையஸ் அமைப்பும் மாற்றப்பட்டது. வாசிப்பவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. அதனால் வெள்ளிமுகப் பெட்டிகளை வாங்கி, சேர்த்த உறுப்புகளைக் களைந்து, 1960களின் நடுவே இருந்த கறுப்புமுகச் சுற்றுக்கே திருப்பும் வேலை பட்டறைகளின் அன்றாட வருமானமாயிற்று. தொழிற்சாலை செய்த மாற்றத்தைப் பட்டறை மாற்றி, தொழிற்சாலையின் பழைய எண்ணத்தையே மீட்டது என்பது இந்த வரலாற்றில் தனியே நினைக்கத் தக்கது.

ஃபெண்டர் சுற்றிலிருந்து தொடங்கி மிகத் தொலைவு சென்றவர் கலிஃபோர்னியரான ஹோவர்ட் அலெக்சாண்டர் டம்பிள். வாங்குபவர் வாசிப்பதைக் கேட்டு, அவருடைய கைக்கும் காதுக்கும் ஏற்ப ஒவ்வொரு பெட்டியையும் அவர் தனியாகச் செய்தார். அவருடைய ‘ஓவர்டிரைவ் ஸ்பெஷல்’ பெட்டியை ராபன் ஃபோர்டும், ‘ஸ்டீல் ஸ்டிரிங் சிங்கர்’ பெட்டியை ஸ்டீவி ரே வானும் வாசித்தனர். சுற்றை யாரும் படியெடுக்காதபடி முக்கியப் பகுதிகளின் மேல் எப்பாக்ஸி பிசினை ஊற்றி மூடிய அவர் 2022 ஜனவரியில் மறைந்தார். அவருடைய பெட்டிகள் இன்று ஒரு லட்சம் டாலருக்கும் மேல் விலைபோகின்றன. பிசினைக் கரைத்து உள்ளிருந்த சுற்றை வரைந்தவர்களால் அதன் படிகளும் பரவிவிட்டன. தன் உழைப்பைக் காக்க ஒரு கைவினைஞர் விரும்புவதில் குறை காண முடியாது என்றாலும், வால்வுக் கையேடுகளும் ஃபெண்டரின் சுற்றுப்படங்களும் திறந்த ஏடுகளாக இருந்ததால்தான் ஹான்வெல் பெட்டியும் டம்பிள் பெட்டியும் பிறக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

சுற்றைத் தொடாமலும் நாதத்தை மாற்ற முடியும் என்பதற்கு எடி வான் ஹேலன் சான்று. 1978இல் வெளிவந்த தம் குழுவின் முதல் இசைத்தட்டுக் காலத்தில், 100 வாட் மார்ஷல் ஒன்றுக்கு வேரியாக் என்னும், மின்னழுத்தத்தை வேண்டியபடி திருகி மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 90 வோல்ட் அளவுக்குத் தாழ்த்திய மின்சாரத்தை அவர் ஊட்டினார். மின்னழுத்தத்தைக் கூட்டியதாகப் பரவிய செய்தி நேர்மாறானது, ஆபத்தானதும்கூட. 1950களின் அமெரிக்கப் பெட்டிகள் 110 முதல் 117 வோல்ட் வரையிலான வீட்டு மின்சாரத்தை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. இன்று 120 வோல்ட்டும் அதற்கு மேலும் வருவதால், கைபடாத பழைய பெட்டிகூடத் தன் காலத்து மின்சாரத்தில் ஓடுவதில்லை.

கைபடாத பெட்டி என்பதே ஓரளவுக்கு வெறும் சொல்தான். மின்னோட்டத்தைச் சீராக்கும் எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் 15, 20 ஆண்டுகளில் உலர்ந்துபோகின்றன. அக்காலத்துக் கார்பன் மின்தடைகளின் மதிப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல உயர்கிறது. ஸ்பீக்கரின் காகிதம் தளர்கிறது. வால்வுகளின் நிலையும் இதுவே. ஆர்சிஏ 1976இல் வால்வு உற்பத்தியை நிறுத்தியது. முல்லார்டின் பிளாக்பர்ன் ஆலையிலும் வால்வுகள் செய்வது நின்றது. விற்காமல் கிடங்கில் தங்கிய பழைய சரக்குக்கு உலகெங்கும் தேடல் எழ, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோக்களுக்காகச் செய்த வால்வுகளும் அந்தச் சந்தைக்குள் வந்தன. இன்று புதிய வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யாவின் சரதோவ், சுலோவாக்கியா, சீனா ஆகிய இடங்களிலிருந்தே வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது இந்தத் தொழில் முழுவதும் கலங்கியது. 60 ஆண்டு பழைய ஓர் ஆம்ப்ளிஃபயர் இசைத்தட்டில் கேட்ட நாதத்தைத் தர வேண்டுமானால், அதை யாரேனும் அறிவோடு திறந்தே ஆக வேண்டும். கணினியால் நாதத்தைப் போலச்செய்யும் கருவிகள் இப்போது வந்துவிட்டன என்றாலும், அவை எதைப் போலச்செய்கின்றனவோ அதையும் யாரேனும் ஒருவர் பழுதுபார்த்து வைத்திருந்தாக வேண்டும்.

ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் வேண்டத் தக்கது ஒன்றே: பெட்டியிலிருந்து கழற்றிய ஒவ்வொரு உறுப்பையும் உறையிலிட்டுப் பெட்டியோடு வையுங்கள்; எதை, எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்புக்கு, எந்த நாளில் மாற்றினீர்கள் என்று எழுதி உட்பலகையில் ஒட்டுங்கள்; ஹான்வெலிலும் கலிஃபோர்னியாவிலும் பிறந்த நாதங்களின் வரலாறு இத்தகைய குறிப்புகள் இல்லாததால் பாதி செவிவழிச் செய்தியாகவே நம்மிடம் வந்திருக்கிறது.