வேண்டாத இசைத்தட்டுகள்

பழைய இசைத்தட்டுகளை என்ன செய்வது? கொழும்பில் வீடு மாறும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவில் இதே கேள்விக்கு இருமுறை விபரீதமான விடை கிடைத்தது.

78 சுழற்சித் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. அரக்கோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. போரினால் அதன் வரவு தடைப்பட, 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கை 70 வீதத்தால் வெட்டியது. வீடுகளிற் கிடந்த பழைய தட்டுகள் திரட்டப்பட்டு, உருக்குவதற்கென விற்கப்பட்டன. அப்பணத்தில் படையினருக்குப் புதியவை வாங்கப்பட்டன. எத்தனை அரிய குரல்கள் அக்கொப்பரையிற் கரைந்தனவோ!

1943இல் படையினருக்கென்றே 'வீ-டிஸ்க்' தட்டுகள் வெளிவரத் தொடங்கின. அவற்றுட் பல வைனைல் தட்டுகள். வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனையுடனேயே இசைக்கலைஞர் சங்கம் இதற்கு இசைந்தது. 1949இல் திட்டம் முடிந்ததும் மூலத் தகடுகளும் எஞ்சிய தட்டுகளும் அழிக்கப்பட்டன. வாக்குக் காப்பாற்றப்பட்டது, இசை? காங்கிரஸ் நூலகத்தில் ஒரு முழுத் தொகுதி தப்பியது. சிப்பாய்கள் சட்டத்தை மீறி மறைத்துக் கொணர்ந்தவையும் தப்பின. அந்த மீறலை என்னாற் கண்டிக்க முடியவில்லை.

நண்பர்களுக்கு நான் கூறுவது இதுதான்: வைனைலை எரிக்காதீர்கள், நச்சுப்புகை எழும். ஆயிரக்கணக்கில் அச்சான ஆங்கில நடனப் பாடல்களைப் பழம்பொருட் கடைக்குக் கொடுத்துவிடலாம். தமிழ்த் தட்டாயின், கீறல் விழுந்திருப்பினும், நடுத்தாளிலுள்ள இலக்கத்தைக் குறித்து, சேகரிப்பாளர் ஒருவரிடம் முதலிற் காட்டுங்கள்.